வியன்னா: கடிகாரம் பார்த்துச் சுற்ற வேண்டிய ஊர்

ப்ராகுக்கும் புடாபெஸ்டுக்கும் நடுவில் இருப்பதால் வியன்னாவுக்கு ஒன்றரை நாள் ஒதுக்குகிறவர்கள் அதிகம். ஷோன்ப்ருன் அரண்மனை முன்னால் ஒரு படம், சாஹர் என்ற சாக்லேட் கேக் ஒரு துண்டு, ஸ்டீபன் தேவாலயத்தைச் சுற்றி ஒரு நடை. அதோடு "அழகான ஊர்தான், ஆனால் எல்லாம் விலை" என்று கிளம்பிவிடுவார்கள். உண்மையில் இந்த ஊரின் மிகச் சிறந்த விஷயங்களில் பாதி, உள்ளூர்க்காரர்களுக்காகவே மலிவாகவோ இலவசமாகவோ வைக்கப்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கிழமை, ஒரு மணி உண்டு. அந்த நேரத்தைத் தவறவிட்டவர்கள்தான் மூன்று மடங்கு காசு கொடுத்து, அதைவிடச் சுமாரான ஒன்றைப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

முதலில் மாதம். ஜூலை, ஆகஸ்டில் வியன்னா போனால் வெயில் இருக்கும், இசை இருக்காது. ஓபரா அரங்கம் செப்டம்பரில் திறந்து ஜூன் கடைசியில் மூடிவிடும். வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு ஆகஸ்டில் சால்ஸ்பர்க் விழாவில் இருக்கும். சிறுவர் பாடகர் குழுவுக்கும் விடுமுறை. கோடையில்தான் போக முடியும் என்றால், நகர மண்டபத்துக்கு முன்னால் உள்ள ராட்ஹவுஸ் திடலில் பெரிய திரை கட்டி, ஓபரா, கச்சேரிப் பதிவுகளை இரவில் இலவசமாகக் காட்டுவார்கள், அதைப் பார்க்கலாம். ஏப்ரல் முதல் ஜூன் நடுப்பகுதி வரை எல்லாமே திறந்திருக்கும், பகலும் நீளம். டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தைகள் உண்டு. ஆனால் நாலேகால் மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதால் தோட்டம், மலை எதையும் மாலைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. அந்தச் சந்தைகளில் சூடான பானத்தின் விலையோடு கோப்பைக்கான முன்பணத்தையும் சேர்த்தே வாங்குவார்கள். கோப்பையைத் திருப்பிக் கொடுத்தால் அந்தக் காசு திரும்ப வரும். தெரியாதவர்கள் மேசையிலேயே வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

இனி ஓபரா. ஸ்டாட்ஸ்ஓப்பர் என்ற அரசு ஓபரா அரங்கில் நல்ல இருக்கைகளின் விலை நூறு யூரோவைத் தாண்டி எங்கேயோ போகும். அதே அரங்கில், அதே இரவில், நின்றுகொண்டு பார்ப்பதற்கென்றே நானூறுக்கும் மேற்பட்ட இடங்கள் இருக்கின்றன. அவற்றின் விலை ஒரு சாதாரணச் சாப்பாட்டு விலைக்குள் அடங்கிவிடும். இந்த நிற்கும் இடங்களை ஏதோ கடைசி மூலை என்று நினைக்க வேண்டாம். தரைத்தளத்தில் உள்ள பார்ட்டெர் பகுதி, அரங்கின் நட்ட நடுவில், மைய மாடத்துக்கு நேர் கீழே இருக்கிறது. மேடை முழுவதும் நேராகத் தெரியும். பக்கவாட்டு மாடங்களில் மூன்றாம் வரிசை இருக்கை வாங்கியவருக்கு மேடையில் ஒரு கீற்றுதான் தெரியும். அவர் நம்மைவிட அதிகம் கொடுத்திருப்பார்.

நிற்கும் சீட்டுகளில் ஒரு பகுதி அன்றைய நாள் காலை 10 மணிக்கு இணையத்தில் வரும். மாலையில், நிகழ்ச்சிக்கு 80 நிமிடம் முன்னால், ஓப்பர்ன்காஸ தெருப் பக்கம் உள்ள தனிக் கவுண்டர் திறக்கும். முறையை அவ்வப்போது மாற்றுவார்கள் என்பதால் போகிற வாரத்தில் அரங்கின் தளத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளவும். பெரிய பாடகர் பாடும் நாளென்றால் மாலை வரிசைக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே ஆள் சேர்ந்துவிடும். சாதாரண நாளில் கவுண்டர் திறக்கும் நேரத்துக்கு அரை மணி முன்னால் போனால் போதும். கவுண்டரில் கேட்க வேண்டிய சொல் "பார்ட்டெர்". தீர்ந்துவிட்டால் மேலே "காலெரி". அங்கே பார்வை கொஞ்சம் தூரம், ஆனால் இசை அருமையாக மேலேறி வரும்.

உள்ளே போனதும் நடக்க வேண்டிய வரிசை இது. முதலில் கம்பியில் இடம் பிடிக்க வேண்டும். நிற்பவர்கள் சாய்ந்துகொள்வதற்குக் கம்பி உண்டு; அதில் சிறிய எழுத்துத் திரையும் இருக்கும், பாடல் வரிகள் ஆங்கிலத்தில் ஓடும். பிடித்த இடத்தில் ஒரு ஸ்கார்ஃபைக் கட்டிவிட வேண்டும். கட்டியிருக்கிற இடத்தை யாரும் தொடமாட்டார்கள், இது அங்கே எழுதப்படாத சட்டம். துப்பட்டாவும் நன்றாகவே வேலை செய்யும். பை, நாளிதழ், தண்ணீர் பாட்டில் வைத்தால் அந்த மரியாதை கிடைக்காது. கட்டியபின்தான் கோட்டையும் பையையும் காப்பறையில் கொடுக்கப் போக வேண்டும். குளிர்கால மேலாடையோடு உள்ளே நின்றால் பணியாளர் வந்து வெளியே வைக்கச் சொல்வார். அரைக்கால் சட்டை, ஹவாய் செருப்பு என்றால் வாசலிலேயே சிக்கல். மற்றபடி நிற்கும் பகுதிக்கு சாதாரண முழுக்கால் சட்டை, சட்டை போதும். புடவை கட்டிப் போனால் இன்னும் நல்லது. பொருத்தமில்லாமல் இருக்கும் என்ற தயக்கமே வேண்டாம்.

முதல் முறை போகிறவர்கள் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரைத் தேர்ந்தெடுப்பது பெரிய தவறு. அவருடைய சில படைப்புகள் மாலை 5 மணிக்கு ஆரம்பித்து, இடைவேளைகளோடு சேர்த்து ஐந்து மணி நேரத்தைத் தாண்டும். காலை முழுவதும் அருங்காட்சியகத்தில் நடந்துவிட்டு அதை நின்றுகொண்டு பார்த்தால் இரண்டாம் அங்கத்தில் முழங்கால் நடுங்கும். இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் டோஸ்காவோ லா போஹெமோ நல்ல தொடக்கம். அங்கங்கள் சிறியவை, கதையும் சிக்கலில்லாதது. டோஸ்கா வியன்னாவில் 1958-இல் மார்கரெட் வால்மன் அமைத்த அதே மேடையமைப்பில் பல பத்தாண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. இசை பிடிக்காவிட்டாலும் அந்த மேடைக்காகவே பார்க்கலாம். நிற்கும்போது முழங்காலை விறைப்பாக வைத்துக்கொள்ளாமல் எடையைக் கால் மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றோடு போனவர்கள் மயங்கி உட்காருவது அங்கே அவ்வளவு அபூர்வமில்லை.

இன்னொன்று: மணி அடித்துக் கதவு மூடினால் மூடியதுதான். தாமதமாக வருகிறவர் இடைவேளை வரை வெளியே திரையில் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். நம்மூர் சபாக்களில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீன் பக்கம் நகர்கிற கலைக்கு இங்கே இடமே இல்லை. பிடிக்கவில்லை என்றால் இடைவேளையில் கிளம்பலாம். நிற்கும் பகுதியில் பலர் அப்படிச் செய்வார்கள், யாரும் தவறாக நினைப்பதில்லை.

இடைவேளையில் கட்டடத்தைப் பாருங்கள். முன்பக்கப் பெரும் படிக்கட்டும் கூடங்களும் பொன்னும் ஓவியமுமாக இருக்க, பார்வையாளர் அரங்கு மட்டும் வெள்ளையும் சிவப்புமாக எளிமையாக இருப்பதைக் கண்டு சிலர் ஏமாந்துபோவார்கள். 1945 மார்ச் 12 குண்டுவீச்சில் அரங்கும் மேடையும் எரிந்துபோயின, முன்பகுதி தப்பியது. எரிந்ததைப் புதிதாகக் கட்டி 1955 நவம்பரில் பேட்டோவனின் ஃபிடேலியோவோடு திறந்தார்கள். முதலில் கட்டிய கட்டடக் கலைஞர்கள் இருவர், வான் டேர் நுல்லும் சிகார்ட்ஸ்பர்கும். கட்டடம் பூமிக்குள் புதைந்த மாதிரி இருக்கிறது என்று ஊரே கேலி செய்தது. வான் டேர் நுல் 1868-இல் தற்கொலை செய்துகொண்டார். சில வாரங்களில் மற்றவரும் இறந்துபோனார். 1869 மே 25 திறப்பு விழாவை இருவரும் பார்க்கவில்லை.

கச்சேரி கேட்க முசிக்ஃபெரைன். 1870-இல் திறந்த இதன் பொன்மண்டபம் சுமார் 49 மீட்டர் நீளம், 19 மீட்டர் அகலம், 18 மீட்டர் உயரம் கொண்ட நீண்ட பெட்டி. மரத்தளத்துக்கு அடியில் வெற்றிடம், கூரையிலிருந்து தொங்கவிட்ட உள்விதானம், சுவரெங்கும் சிலைகள். ஒலிபெருக்கி எதுவுமில்லாமல் ஒரு வயலினின் மெல்லிய இழுப்பு பின்சுவர் வரை வருவதற்கு இவையெல்லாம் சேர்ந்தே காரணம். இங்கேயும் பின்னால் நிற்கும் இடம் உண்டு. முதல் வரிசை கிடைக்காவிட்டால் இசைக்குழு கண்ணில் படாது, ஆனால் கேட்பதற்குக் குறையே இல்லை. ஒரு படைப்பின் பகுதிகளுக்கு நடுவில் வரும் நிசப்தத்தில் கைதட்டக் கூடாது. இசைக்குழுவை நடத்துகிறவர் கையை முழுதாக இறக்கித் திரும்பும்வரை பொறுத்திருங்கள்.

ஸ்டீபன் திடலிலும் ஓபரா முன்னாலும் வெள்ளை விக், சிவப்புக் கோட்டோடு மோட்சார்ட் வேடத்தில் சீட்டு விற்பவர்கள் நிற்பார்கள். அவர்கள் விற்பது சுற்றுலாப் பயணிகளுக்காக நடத்தப்படும் கச்சேரிகள்: தெரிந்த மெட்டுகளின் துண்டுகள், வேடமணிந்த சிறு குழு. மோசடி என்று சொல்ல மாட்டேன், சில குழுக்கள் நன்றாகவே வாசிக்கும். ஆனால் எந்த மண்டபம், எந்தக் குழு என்று சீட்டில் படிக்காமல் வாங்கக் கூடாது. முசிக்ஃபெரைன் என்று சொல்லப்படுவது பொன்மண்டபமாக இல்லாமல் அதே கட்டடத்தின் வேறொரு சிறு கூடமாகவும் இருக்கலாம்.

அந்தக் காசை மிச்சப்படுத்த ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. ஹோஃப்பர்க் அரண்மனையை ஒட்டிய அகஸ்டீனியர் தேவாலயத்தில் காலை 11 மணிப் பூசையில் ஹைடன், மோட்சார்ட், ஷூபர்ட் எழுதிய வழிபாட்டு இசையை முழு இசைக்குழுவோடும் பாடகர்களோடும் நிகழ்த்துகிறார்கள். கட்டணமில்லை, தட்டில் விரும்பியதைப் போடலாம். இந்த இசை எழுதப்பட்டதே இப்படி ஒரு பூசையின் நடுவில் பாடுவதற்காகத்தான். மண்டபத்தில் கேட்பதைவிட இங்கே அது இடம் சேர்ந்து நிற்கிறது. 10:30-க்கே போய்விட்டால் உட்கார இடம் கிடைக்கும். சுற்றிப் பார்க்க வந்தவர்போல நடமாடாமல் கடைசிவரை இருக்க வேண்டும். புகழ்பெற்ற சிறுவர் பாடகர் குழு பாடுவது வேறிடம், ஹோஃப்பர்க் சிற்றாலயத்தில், 9:15 மணிக்கு. அங்கே உட்காரக் கட்டணம், நிற்க இலவசம். ஒரு விவரத்தை யாரும் சொல்வதில்லை: சிறுவர்கள் மேலே ஆர்கன் மாடத்திலிருந்து பாடுவதால் பூசை முழுவதும் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். முடிவில்தான் கீழே இறங்கி வந்து ஒரு பாட்டு பாடுவார்கள். அது தெரியாமல் பாதியில் கிளம்பிவிடுகிறவர்கள் உண்டு.

அருங்காட்சியகங்களுக்கு வருவோம். எதிரெதிரே நிற்கும் இரட்டைக் கட்டடங்களில் ஒன்றான கலை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு, கோடையைத் தவிர்த்து, பெரும்பாலும் திங்கள் விடுமுறை. மற்றொன்றான இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. இந்த ஒரு விவரம் தெரிந்தாலே ஒரு நாள் மிச்சம். 19 வயதுக்குட்பட்டவர்களுக்கு இரண்டிலும், பெல்வெடேர், ஆல்பர்டினா அருங்காட்சியகங்களிலும் நுழைவு இலவசம்; பிள்ளைகளின் பாஸ்போர்ட் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கலை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு வியாழக்கிழமை மாலை 5 மணிக்கு மேல் போவது உத்தமம். அன்று இரவு 9 வரை திறந்திருக்கும், குழுக்களெல்லாம் சாப்பிடப் போயிருப்பார்கள். முதல் மாடியில் பீட்டர் ப்ரூகலின் அறைக்கு நேராகப் போய்விடுங்கள். உலகில் எஞ்சியிருக்கும் அவருடைய ஓவியங்களில் ஏறத்தாழ கால்வாசி, 12 ஓவியங்கள், இங்கேதான். பாபேல் கோபுரத்தை எட்ட நின்று பார்த்தால் ஒரு மலை. கிட்டே போனால் சுண்ணாம்பு கலக்குகிறவர், கல் தூக்கும் சக்கரம், துணி காயப்போட்டிருக்கும் வீடு எல்லாம் தெரியும். இந்த ஒரு ஓவியத்துக்குப் பதினைந்து நிமிடம் கொடுக்கலாம். கீழே கலைப்பொருள் கூடத்தில் இத்தாலியச் சிற்பி செல்லினி செய்த பொன் உப்புக்கிண்ணம் இருக்கிறது. 2003-இல் திருடுபோய் 2006-இல் ஸ்வெட்டல் ஊரருகே காட்டில் புதைத்திருந்த இடத்தில் கண்டெடுக்கப்பட்டது அதுதான். எகிப்து, கிரேக்கப் பகுதிகளையும் ஒரே வருகையில் முடிக்க நினைத்தால் எதுவும் மனதில் நிற்காது, விட்டுவிடலாம்.

ஆல்பர்டினாவுக்கு ட்யூரரின் முயலைப் பார்க்கவென்றே போகிறவர்கள் கவனிக்க: 1502-இல் வரைந்த அந்த மூல ஓவியம் காகிதத்தில் நீர்வண்ணம். வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும் என்பதால் பெரும்பாலான காலம் பெட்டகத்துக்குள் இருக்கும், சுவரில் தொங்குவது நகல். மூலத்தை அபூர்வமாகத்தான் வெளியே எடுக்கிறார்கள். க்ளிம்ட்டின் முத்தம் ஓவியத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. மேல் பெல்வெடேரில் எப்போதும் இருக்கிறது, கூட்டமும் எப்போதும் இருக்கிறது. சீட்டு நேரம் குறித்தே தருகிறார்கள். அன்றைய முதல் நேரத்தை எடுத்துக்கொண்டு மற்ற அறைகளைத் தாண்டி முதலில் அங்கே போனால் ஐந்து நிமிடம் தனியாக நிற்கலாம். பிறகு பளிங்கு மண்டபம். இரண்டாம் உலகப் போருக்குப்பின் நான்கு நாட்டுப் படைகளின் பிடியில் இருந்த ஆஸ்திரியாவைச் சுதந்திர நாடாக்கிய ஒப்பந்தம் 1955 மே 15-இல் கையெழுத்தானது இந்த அறையில்தான்.

ஷோன்ப்ருனைப் பற்றிச் சுருக்கமாக: 1,441 அறைகளில் பயணிகள் பார்ப்பது அதிகபட்சம் நாற்பது சொச்சம். தோட்டம் இலவசம், காலை 6:30-க்குத் திறக்கும். யு4 பாதாள ரயிலில் ஏழு மணிக்குப் போய் மேட்டின் மேலுள்ள குளோரியெட் மண்டபம் வரை ஏறினால் அரண்மனையும் நகரமும் காலை வெளிச்சத்தில் கீழே கிடக்கும். ஓடுகிற உள்ளூர்க்காரர்கள் தவிர ஆளே இருக்கமாட்டார்கள். பத்து மணிக்குப் பிறகு அதே இடம் திருவிழா. ஸ்டீபன் தேவாலயத்தில் தென்கோபுரத்துக்கு 343 படிகள், குறுகலான சுழல்படி, ஏறுகிறவரும் இறங்குகிறவரும் ஒரே வழி. மூட்டுவலிக்காரர்கள் லிஃப்ட் உள்ள வடகோபுரத்துக்குப் போகலாம். உயரம் குறைவு, ஆனால் வண்ண ஓடு வேய்ந்த கூரை கிட்டத்தில் தெரியும்.

காபிக்கடையில் அவசரம் உதவாது. உட்கார்ந்து, பணியாளர் வரும்வரை இருந்து, மெலான்ஷ் (பால் நுரையோடு), க்ளைனர் பிரவுனர் (சிறிய கோப்பை, கொஞ்சம் பால்), ஐன்ஷ்பெனர் (கண்ணாடிக் குவளையில் கடுங்காபி, மேலே கிரீம்) என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். வெறும் காபி என்று கேட்டால் பெரும்பாலும் மெலான்ஷ் வரும். கூடவே ஒரு குவளைத் தண்ணீர், அதன்மேல் கவிழ்த்த கரண்டி. ஒரு காபிக்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் எழுப்பமாட்டார்கள். பில் தானாக வராது. "ட்ஸாலென், பிட்டெ" என்று கேட்க வேண்டும். மேசையில் டிப்ஸ் வைத்துவிட்டுப் போவது அங்கே வழக்கமில்லை. 9.20 யூரோ என்றால் "பத்து" என்று சொல்லிக் கொடுத்தால் மீதி அவருக்கு. வாசலில் வரிசை நிற்கும் பிரபலக் கடைகளைவிட, 1880-இலிருந்து இருக்கும் ஸ்பெர்ல் போன்றவற்றில் நிம்மதியாக உட்காரலாம். சாஹர் கேக் உலர்வாகத்தான் இருக்கும். பக்கத்தில் வைக்கும் இனிப்பில்லாத கிரீம் அலங்காரத்துக்கு அல்ல, ஒவ்வொரு வாய்க்கும் சேர்த்துச் சாப்பிட.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குச் சில பொறிகள் உண்டு. ஃப்ரிட்டாட்டன் சூப்பில் மிதப்பது தோசைக் கீற்றுகள் மாதிரி இருக்கும், சாறு மாட்டு எலும்பில் காய்ச்சியது. வியன்னா உருளைக்கிழங்கு சாலட்டிலும் வழக்கமாக அதே சாறுதான் ஊற்றுகிறார்கள். கேஸக்ரைனர் என்ற பெயரில் சீஸ் இருக்கிறது, பண்டம் பன்றியிறைச்சி சாசேஜ். "ஷ்பெக்" (உப்பிட்ட பன்றியிறைச்சி), "ஷ்மால்ட்ஸ்" (பன்றிக்கொழுப்பு) என்று எதிலாவது இருந்தால் தவிர்த்துவிடவும். உணவுப் பட்டியலில் ஒவ்வொரு பண்டத்தின் பக்கத்திலும் சிறு ஆங்கில எழுத்துகள் இருக்கும். ஒவ்வாமைக்கான குறியீடு அது. சி என்றால் முட்டை, டி என்றால் மீன், ஜி என்றால் பால். முட்டை தவிர்ப்பவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் இறைச்சிக்கு எழுத்து கிடையாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தண்ணீர் வாங்கவே வேண்டாம். குழாயில் வருவது ஆல்ப்ஸ் மலை ஊற்று நீர், முதல் குழாய்வழி 1873-இலும் இரண்டாவது 1910-இலும் வந்தன.

போக்குவரத்தில் ஒன்றே ஒன்றை மறக்கக் கூடாது. ரயில் நிலையங்களில் தடுப்புக் கதவு இல்லை. காகிதச் சீட்டை நுழைவாயிலில் உள்ள நீலப் பெட்டியில் ஒருமுறை நுழைத்து முத்திரை குத்தியபின்தான் அது செல்லும். சாதாரண உடையில் பரிசோதகர் வருவார். முத்திரையில்லாத சீட்டும் சீட்டில்லாததும் அவருக்கு ஒன்றுதான், அபராதம் நூறு யூரோவுக்கு மேல். செல்பேசியில் வாங்கிய சீட்டுக்கு முத்திரை வேண்டாம். விமான நிலையம் நகர எல்லைக்கு வெளியே இருப்பதால் நகரச் சீட்டு அங்கே போதாது, கூடுதல் சீட்டு வேண்டும். ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும். பால், ரொட்டி வாங்க மத்திய ரயில் நிலையம் போன்ற பெரிய நிலையங்களில் உள்ள கடைகள்தான் கதி.

அரை நாள் மிச்சமிருந்தால் 71-ஆம் எண் டிராம் பிடித்து மத்தியக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகலாம். இறங்க வேண்டியது இரண்டாம் வாசலில். 32ஏ பிரிவில் பேட்டோவன், ஷூபர்ட், பிராம்ஸ், யோஹான் ஸ்ட்ராஸ் எல்லாரும் சில அடிகளுக்குள். முதல் இருவரும் வேறொரு கல்லறையில் இருந்தவர்கள். 1888-இல் இங்கே மாற்றப்பட்டார்கள். நடுவில் மோட்சார்ட் பெயரில் இருப்பது நினைவுச்சின்னம் மட்டும்; அவர் புதைக்கப்பட்டது அதே டிராம் போகிற வழியில் உள்ள செயின்ட் மார்க்ஸ் கல்லறையில். இயற்பியல் படித்தவர்கள் 14சி பிரிவில் போல்ட்ஸ்மனைத் தேடுங்கள். அவருடைய என்ட்ரபி சமன்பாட்டையே கல்லில் செதுக்கியிருக்கிறார்கள்.

மாலைக்கு ஹொய்ரிகர், அதாவது நகர எல்லைக்குள்ளேயே இருக்கும் திராட்சைத் தோட்டக்காரர்கள் தங்கள் சொந்த ஒயினை விற்கும் கூடம். 1784-இல் இரண்டாம் யோசஃப் பேரரசர் கொடுத்த உரிமை அது. வாசலில் பைன் கிளை தொங்கினால் திறந்திருக்கிறது என்று பொருள். டி டிராமில் நுஸ்டார்ஃப் போனால் பிரபலமான கிரின்ஸிங் பகுதியைவிடச் சுற்றுலாப் பேருந்துக் கூட்டம் குறைவு. பானத்தைப் பணியாளர் மேசைக்குக் கொண்டுவருவார். சாப்பாட்டை நாமே உள்ளே போய் எடைபோட்டு வாங்கித் தனியே பணம் கட்ட வேண்டும். எடையை "டெக்கா" கணக்கில் சொல்வார்கள், ஒரு டெக்கா 10 கிராம். ரொட்டியில் தடவும் சீஸ் 10 டெக்கா கேட்டால் ஒருவருக்குத் தாராளம். மது வேண்டாதவர்களுக்குத் திராட்சைச் சாறு உண்டு. செப்டம்பர், அக்டோபரில் "ஷ்டுர்ம்" என்று கலங்கலாக, சாறு போல இனிப்பாக ஒன்று கிடைக்கும். பாதி நொதித்த ஒயின் அது, இரண்டு குவளையிலேயே தலைக்கேறும். பாட்டிலாக வாங்கினால் மூடி இறுக்கமாக இருக்காது. உள்ளே இன்னும் நொதித்துக்கொண்டிருப்பதால் காற்று போக வழி விட்டிருப்பார்கள். பைக்குள் படுக்கவைத்தால் விடுதி போய்ச் சேர்வதற்குள் துணியெல்லாம் நனைந்திருக்கும். நிமிர்த்திக் கையிலேயே பிடித்துக்கொண்டு டிராம் ஏறுங்கள்.